மழை பெய்தும் ஏன் சப்பி? வன்னிக் கமக்காரர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வன்னியிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே கவலை, தண்ணீர். ஒரேமாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி, ஊர்ப்பெயரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி (கனகராயன்குளம்): ஐயா, எங்களுடையது மானாவாரி வயல். போன காலபோகத்தில் (மாரிமழைப் போகத்தில்) பிந்தித்தான் விதைத்தோம், நவம்பர் 20 அளவில். மழை குறைவென்று சொல்ல முடியாது. பயிரும் பச்சைப்பசேல் என்று நின்றது. கதிர் வந்தபோது பாதி வெள்ளை, மணி பிடிக்காத சப்பி. வழக்கமாக எடுப்பதில் பாதிகூடத் தேறவில்லை. மழை பெய்த வருசத்தை வறட்சி வருசம் என்கிறார்களே, எப்படி?

பதில்: நெல்லுக்கு மழையின் மொத்த அளவைவிட அது பெய்த நாள் முக்கியம். உங்கள் வயலில், பயிர் சின்னதாக இருந்தபோது கொட்டிய மழை வடிந்து போய்விட்டது. கதிர் உருவாகிப் பூக்கும் நாட்களில் நிலம் காய்ந்துவிட்டது.

இதை விளங்கிக்கொள்ள நாளை அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். எந்த வயது நெல்லென்றாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாள். தண்டுக்குள் கதிர் கருக்கொள்வது அறுவடைக்கு 60 – 65 நாளுக்கு முன். மூன்று மாத நெல், மூன்றரை மாத நெல் என்ற வித்தியாசம் எல்லாம் அதற்கு முந்திய காலத்தில்தான், அதாவது மட்டம் வெடிக்கும் (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும்) காலத்தில். அந்தக் காலத்தில் ஒரு கிழமை காய்ந்தால் பயிர் கட்டையாகும், மட்டம் குறையும். அடுத்த மழையோடு இழந்ததில் பெரும்பங்கை மீட்டுவிடும். கதிர் உறைக்குள் பருக்கும் குடலைப் பருவம் அப்படியல்ல. பூப்பதற்கு 10 – 12 நாளுக்கு முன் மகரந்தம் உருவாகிறது. அப்போது காய்ந்தால் மகரந்தம் மலடாகிப் போகும். பிறகு குளம் நிரம்பி வான் பாயும் அளவுக்கு மழை பெய்தாலும் அந்த மணிக்குள் பால் ஏறாது.

பூக்கும் நேரத்து வறட்சி இன்னொரு வேலையும் செய்கிறது. கதிரை மேலே தள்ளும் காம்பு நீளாமல் நின்றுவிடும். இப்படிப்பட்ட ஒரு கதிரைப் பிடித்து உறையை உரித்துப் பாருங்கள். நுனியில் வெளியே வந்த மணிகள் காகிதம்போல் வெளுத்திருக்கும். அடியில் உள்ளவை உறைக்குள்ளேயே நெரிபட்டு, வளைந்து, வெளிறிய பச்சையில் கிடக்கும். இதோடு வெப்பமும் சேர்ந்தால் இழப்பு இரட்டிப்பாகும். நெல் பூ விரிவது பெரும்பாலும் காலை 9 முதல் 11 மணிக்குள். அந்நேரம் சூடு 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் சரியாகக் கொட்டாது. தண்ணீர் உள்ள பயிர் தன் உடலைத் தானே குளிர்த்துக்கொள்ளும். காய்ந்த பயிரால் அது முடியாது.

ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். வெள்ளைக் கதிர் எல்லாம் வறட்சிக் கதிர் அல்ல. கதிரைப் பிடித்து மெல்ல இழுங்கள். சுலபமாகக் கழன்று வந்து, அடியில் கடித்த அடையாளமும் எச்சமும் இருந்தால் அது தண்டு துளைப்பான். இழுத்தும் வராமல் உறுதியாக நின்றால் தண்ணீர்க் குறைதான் காரணம். இரண்டும் கலந்திருந்தால் பத்து இடத்தில் பத்துப் பத்துக் கதிர் எடுத்து எண்ணிப் பாருங்கள்; அடுத்த போகத்தில் எதற்குச் செலவழிப்பது என்று தெரியும்.

இனி உங்கள் திகதிக்கு வருவோம். ஒக்ரோபர் 15இல் முளைத்த மூன்றரை மாத நெல், உதாரணமாக ஏ.ரி. 362, டிசம்பர் 29 அளவில் பூக்கும். வடகீழ்ப் பருவமழையின் வால் இன்னும் இருக்கும் காலம். அதே நெல்லை நவம்பர் 20இல் போட்டால் பூப்பது பெப்ரவரி 3. வன்னியில் மானாவாரிக்கு அது மழை முடிந்த காலம். பிந்தினால் இனத்தை மாற்றியாக வேண்டும். பி.ஜி. 300 போன்ற மூன்று மாத நெல் என்றால் ஜனவரி 19 அளவில் பூக்கும். பி.ஜி. 250 ஏறத்தாழ 80 நாள் நெல். ஜனவரி 9 அளவில் பூத்துவிடும். நல்ல தண்ணீர் உள்ள வருசத்தில் மூன்றரை மாத நெல் கூடுதலாகத் தரும் என்பது உண்மை. பிந்திய விதைப்பில் அந்த ஆசை வேண்டாம். வீட்டில் இருக்கிற விதை எது என்று பாராமல், மழைக்கு மிஞ்சியிருக்கிற நாளைப் பார்த்து இனத்தைத் தெரிவு செய்யுங்கள்.

விதை அளவையும் பாருங்கள். ஏக்கருக்கு 2 புசல், அதாவது 40 கிலோ அளவு, போதும். முளை தப்பாது என்ற பயத்தில் 3, 4 புசல் வீசுவது வன்னியில் வழக்கமாகிவிட்டது. நெருக்கமான பயிர் ஈரத்தைச் சீக்கிரம் குடித்து முடிக்கும். குடலைப் பருவம் வருமுன்பே நிலம் வெடித்துவிடும்.

கேள்வி (இரணைமடு வலதுகரை): சிறுபோகத்தில் (கோடைப் போகத்தில்) வாய்க்காலுக்கு வாய்க்கால் முறைவைத்துத்தான் தண்ணீர் வருகிறது. இடையில் வயலில் தண்ணீர் நிற்பதில்லை. எப்போதும் தண்ணீர் நிற்காவிட்டால் விளைச்சல் குறையும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: எப்போதும் நிற்கத் தேவையில்லை. எந்த நாட்களில் நிற்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். நனைத்துக் காயவிடும் முறையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல நாடுகளில் பரப்பியிருக்கிறது. சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் தண்ணீரில் 30 வீதம் வரை மிச்சம் பிடிக்கலாம்.

தேவையானது ஒரு துண்டு பி.வி.சி. குழாய். 4 அங்குலக் குழாயில் 30 சென்ரிமீற்றர் வெட்டுங்கள். கீழ்ப்பக்கம் 20 சென்ரிமீற்றருக்கு, 2 சென்ரிமீற்றர் இடைவெளியில், 5 மில்லிமீற்றர் துளைகள் போடுங்கள். துளையிட்ட பகுதி முழுவதும் மண்ணுக்குள் போக, 10 சென்ரிமீற்றர் வெளியே தெரியும்படி இறக்கி, உள்ளே உள்ள சேற்றைக் கையால் அள்ளி எறியுங்கள். குழாய்க்குள் தெரியும் நீர்மட்டமும் வெளியே வயலின் நீர்மட்டமும் ஒன்றாக இருந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். ஒன்றாக இல்லாவிட்டால் துளைகள் அடைத்திருக்கின்றன. வரம்போரம் வேண்டாம், வரம்பு கசிவதால் அளவு பிழைக்கும். வயலின் மேடுமில்லாத பள்ளமுமில்லாத இடமாகப் பாருங்கள்.

விதைத்து மூன்று கிழமை வரை இதைத் தொடங்காதீர்கள். புல்லை அடக்க அந்தக் காலத்தில் மெல்லிய தண்ணீர் வேண்டும். அதன்பின் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, வாய்க்காலை அடைத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும் வரை பொறுக்கலாம். மேல்மண் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் வேர் ஈரத்தில்தான் நிற்கும். 15ஐத் தொட்டதும் மறுபடி 5 சென்ரிமீற்றர் கட்ட வேண்டும். பூக்கும் ஒரு கிழமைக்கு முன்னிருந்து பூத்து ஒரு கிழமை வரை இந்த விளையாட்டு வேண்டாம். அப்போது தண்ணீர் நின்றபடியே இருக்கட்டும்.

பிழைப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது, வயல் மட்டமில்லாதது. ஒரு மூலை 10 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் குழாய் காட்டும் அளவு அந்த மூலைக்குப் பொருந்தாது. அங்கே புல்லும் சப்பியும் சேர்ந்து வரும். இரண்டாவது, பெருவெடிப்பு. விரல் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துவிட்டால் அடுத்த முறைத் தண்ணீர் வயலில் பரவுமுன் வெடிப்புக்குள் இறங்கிவிடும். மயிரிழை வெடிப்பு தெரிகிறபோதே தண்ணீர் விட வேண்டும். மூன்றாவது, வரம்பு. நண்டு வளையும் எலி வளையும் இரவில் எவ்வளவு தண்ணீரைக் கொண்டுபோகும் என்று பலர் எண்ணுவதில்லை. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலத் தண்ணீர் என்பது ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல். முதல் சேற்றுழவோடு வரம்பைச் செதுக்கி, உட்பக்கத்துக்குச் சேறு பூசிவிடுங்கள்.

முறை 10 நாளுக்கு மேல் போகும் என்றால், பூக்கும் கிழமையில் உங்கள் வாய்க்காலுக்கு முறை விழுகிறதா என்று போகத் தொடக்கத்திலேயே கணக்குப் பார்த்துக் கமக்கார அமைப்பில் கதையுங்கள். ஒரே வாய்க்காலில் எல்லோரும் ஒரே வயது நெல்லை, ஒரே கிழமையில் விதைத்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஒருவர் பி.ஜி. 300உம் அடுத்தவர் ஏ.ரி. 362உம் போட்டால், கடைசித் தண்ணீரை இரண்டு கிழமை நீட்ட வேண்டிவரும்.

கேள்வி (நெடுங்கேணி): எங்கள் சிறுகுளத்தில் மார்ச் மாதத்தில் மிஞ்சும் தண்ணீரை வைத்து எத்தனை ஏக்கர் நெல் செய்யலாம் என்று எப்படிக் கணிப்பது?

பதில்: ஏக்கர்-அடியில் கணியுங்கள். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி உயரத் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி. சிறுபோக நெல்லுக்கு வாய்க்கால் கசிவோடு சேர்த்து ஏக்கருக்கு 4 முதல் 5 ஏக்கர்-அடி வைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் 100 ஏக்கர்-அடி இருந்தால் 20 – 25 ஏக்கர் என்று எண்ணத் தோன்றும். அது பிழை. வெயில் காலத்தில் திறந்த நீரிலிருந்து நாளுக்கு 5 – 6 மில்லிமீற்றர் ஆவியாகிறது. மாதத்துக்கு அரை அடி அளவு. நீர்ப்பரப்பு 40 ஏக்கர் என்றால் ஒரு மாதத்தில் 20 ஏக்கர்-அடி வெயிலுக்கே போய்விடும். பரந்து ஆழமில்லாத குளங்களில் இழப்பு மிகக் கூட. மாடுகளுக்கும் மீனுக்கும் அடியில் விட வேண்டியதையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது நெல்லுக்குக் காணாவிட்டால் பயறு, கௌபி, எள்ளு என்று போங்கள். தண்ணீர் இருக்கும்வரை எல்லோருக்கும் நெல் என்று விதைத்துப் பூக்கும் நேரத்தில் குளத்துத் துருசை (மதகை) மூடுவதுதான் மிகப் பெரிய நட்டம்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): மழை இல்லாமல் பயிர் மஞ்சளாகிறது. யூரியா போட்டால் தெளியுமா?

பதில்: தெளியாது. காய்ந்த மண்ணில் வீசிய யூரியாவில் ஒரு பங்கு அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும். ஈரமில்லாமல் வேருக்கு எதுவும் போகாது. மழை வரும்வரை வைத்திருங்கள். மழை வந்தபின் தவறிய தவணையையும் சேர்த்து இரட்டிப்பாகப் போடவும் வேண்டாம். திடீரென்று இலை பெருத்தால் அடுத்த வறட்சியில் அந்த இலை முழுவதும் தண்ணீர் கேட்கும், எரிபந்தம் என்ற பூசண நோயும் வரும். பூத்தபின் போடும் யூரியா விளைச்சலுக்கு உதவாது.

பொட்டாசியத்தை விட்டுவிடாதீர்கள். இலைத்துளைகளைத் திறந்து மூடுவது அதுதான். அடியுரத்தில் எம்.ஓ.பி. (பொட்டாசியம் உரம்) தவறியிருந்தால், குடலைப் பருவத்துக்குச் சற்று முன் 10 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் எம்.ஓ.பி. கரைத்து, துணியில் வடித்து, பின்னேரத்தில் இலையில் தெளிக்கலாம். சுருண்ட இலையில் தெளித்தால் கருகும். காலையில் விரிந்து நிற்கும் பயிருக்கு மட்டும் செய்யுங்கள்.

கேள்வி (பூநகரி): மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல் வறட்சியைத் தாங்கும், புது இனங்கள் தாங்காது என்கிறார்களே? இயந்திரம், புது விதை, உரம் எல்லாம் வந்தும் வறட்சி அடிக்கிறதே?

பதில்: இரண்டு இனமும் இரண்டு வழியில் பிழைக்கின்றன. மொட்டைக்கறுப்பன் உயரமாக வளரும், வயது கூடிய இனம். இடையில் காய்ந்தாலும் மீண்டெழ அதற்கு நாள் இருக்கிறது. நல்ல வருசத்திலும் அதன் விளைச்சல் புது இனத்தை எட்டாது என்பதும் உண்மை. பூநகரியின் சிவப்பரிசிக்கு விலை இருப்பதால் அந்தக் குறை ஈடாகிறது. புது இனம் வறட்சி வருமுன் முடித்துக்கொண்டு தப்புகிறது. தப்ப நாள் கொடுக்காவிட்டால் அதற்கு வேறு வழி இல்லை. எனவே புது நெல்லைப் பிந்தி விதைப்பதுதான் அதன் பலத்தைப் பறிப்பது.

புது விதையும் இயந்திரமும் இருந்தாலும் தண்ணீர் இல்லாவிட்டால் பயனில்லை என்பதை 2016/17 காலபோகம் இலங்கை முழுவதற்கும் காட்டியது. பருவமழை பிழைத்தது, குளங்கள் நிரம்பவில்லை. 2017ஆம் ஆண்டின் நெல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 வீதம் குறையும் என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் அப்போது மதிப்பிட்டன. விதையும் உரமும் இயந்திரமும் இருந்த காலம்தான் அது. குளத்தில் தண்ணீர் இல்லாதபோது விதைத்த பரப்பே சுருங்கிவிட்டது. விளைச்சல் வீழ்ச்சி அதற்கு மேல்.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு போகமும் ஒரே ஆழத்தில் ரொட்டவேற்றர் போட்டு, ஈரம் காயுமுன் பாரமான அறுவடை இயந்திரத்தை இறக்கினால், 15 – 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் இறுகிய தட்டு ஒன்று உண்டாகும். நெல்லில் தண்ணீர் நிற்க அது உதவும். நெல்லுக்குப் பின் பயறோ கௌபியோ போடும்போது வேர் அந்தத் தட்டில் முட்டி மடங்கிவிடும். கீழே ஈரம் இருந்தும் பயிர் வாடும். சோதிக்க, மழைக்கு இரண்டு நாளின் பின் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் குத்துங்கள். ஒரு சாணில் தட்டென்று நின்று, ஊன்றி அழுத்தினால் மட்டும் இறங்கினால் தட்டு இருக்கிறது. மேட்டுநிலப் பயிர் செய்யும் துண்டில் மூன்று நான்கு வருசத்துக்கு ஒருமுறை, மண் காய்ந்திருக்கும்போது, கொத்துக் கலப்பையால் 25 சென்ரிமீற்றர் ஆழம் கீறிவிடுங்கள். நெல் மட்டும் செய்யும் வயலில் அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (விசுவமடு): கச்சான் (நிலக்கடலை) செடி நன்றாக வளர்ந்தது, பூவும் நிறையப் பூத்தது. பிடுங்கிப் பார்த்தால் காய் குறைவு, இருந்ததிலும் பாதி பொக்கு. இந்தக் கச்சானை வறுத்து விற்கலாமா என்றும் பயமாக இருக்கிறது. சிலதில் பச்சைப் பூசணம் இருந்தது.

பதில்: கச்சான் விடயத்தில் வறட்சி மூன்று இடத்தில் அடிக்கும். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன.

பூ மேலே பூத்தாலும் காய் மண்ணுக்குள்தான் பிடிக்கும். பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசிபோன்ற காம்பு ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்குகிறது. விதைத்து 40 நாள் அளவில் இது தொடங்கும். மேல்மண் 5 சென்ரிமீற்றர் வரை ஈரமாகவும் இளகியும் இருந்தால் ஊசி நுழையும். காய்ந்து இறுகிய மண்ணில் அதன் நுனி கருகி, செடியில் தொங்கியபடியே நின்றுவிடும். ஆணிவேர் ஆழத்தில் ஈரம் குடிப்பதால் செடி பச்சையாகத்தான் தெரியும், நாம் ஏமாந்துபோவோம். இந்தக் கட்டத்தில் தண்ணீர் குறைவென்றால் ஆழமாகப் பாய்ச்சாமல், 4 – 5 நாளுக்கு ஒருமுறை மேல்மண் நனையும் அளவு தூவல் முறையில் கொடுங்கள். களை பிடுங்கி மண் அணைப்பதைப் பூக்கத் தொடங்கும்போதே முடித்துவிட வேண்டும். ஊசி இறங்கியபின் மண்வெட்டி போட்டால் அறுந்துபோகும்.

இரண்டாவது பொக்கு. காய்க்குத் தேவையான கல்சியம் வேர் வழியாக மேலே போய்க் காய்க்கு வந்து சேர்வதில்லை. காயே தன்னைச் சுற்றியுள்ள ஈரமண்ணிலிருந்து நேரே உறிஞ்ச வேண்டும். மண் காய்ந்தால் கல்சியம் கரையாது, ஓடு வளரும், பருப்பு வளராது. பூக்கும் காலத்தில் ஏக்கருக்கு 100 கிலோ அளவு ஜிப்சம், செடியின் அடியில் தூவி மண் அணைத்துவிடுங்கள். மணல் கூடிய முல்லைத்தீவு மண்ணில் இதன் பலன் நன்றாகத் தெரியும். ஈரம் இல்லாவிட்டால் ஜிப்சமும் வேலை செய்யாது.

மூன்றாவது, நீங்கள் பயந்த பூசணம். அறுவடைக்கு முந்திய 4 – 6 கிழமை கடும் வறட்சியும் மண்சூடும் இருந்தால், அஸ்பெர்ஜிலஸ் என்ற பூசணம் மண்ணுக்குள்ளேயே காயில் ஏறி அஃப்ளரொக்சின் நச்சை உண்டாக்கும். ஈரலைப் பாதிக்கும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நச்சு. வறுத்தால் முழுவதும் அழியாது. பூசணம் தெரிந்தவை, சுருங்கியவை, நிறம் மாறியவை, ஓடு துளைபட்டவை எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். கோழிக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள், பாலிலும் வரும். மிஞ்சியதை நன்றாகக் காயவைத்து, கையால் குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலவென்று ஆடும் பதத்தில் வையுங்கள். ஈரம் 8 – 9 வீதத்துக்கு மேல் நிற்கக்கூடாது. ஓடு உடைக்கச் சுலபமென்று தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பூசணத்துக்கு வழி திறப்பது அதுதான். அடுத்த முறை கடைசி மாதத்தில் ஒரே ஒரு தண்ணீராவது மிச்சம் பிடித்துக் கொடுங்கள். தண்ணீரே இல்லாவிட்டால், சில காயை உடைத்து ஓட்டின் உட்பக்கம் கபிலநிறமாகியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலானவை மாறியிருந்தால் மழைக்குக் காத்திராமல் பிடுங்குங்கள்.

கேள்வி (செட்டிகுளம்): ஒரு கிணறு, ஒரு ஏக்கர் நிலம். மே மாதத்தில் மிளகாய் முழு ஏக்கருக்கும் போடலாமா?

பதில்: கிணற்றைக் கேளுங்கள். 15 அடி விட்டமான கிணற்றில் ஒவ்வொரு அடியும் ஏறத்தாழ 5,000 லீற்றர். மாலையில் இறைத்து நிறுத்திய மட்டத்தை ஒரு கயிற்றில் குறித்துக்கொண்டு காலையில் எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று பாருங்கள். 5 அடி என்றால் நாளுக்கு 25,000 லீற்றர். வெயில் காலத்தில் முழுதாக வளர்ந்த பயிர் நாளுக்கு 5 மில்லிமீற்றர் கேட்கும். ஏக்கருக்கு 20,000 லீற்றர். சொட்டு நீர்ப்பாசனத்தில் 90 வீதம் வேருக்குப் போகும் என்று கொண்டால் 22,500 லீற்றர் இறைக்க வேண்டும்; ஒரு ஏக்கர் தாங்கும். வாய்க்காலில் பாய்ச்சினால் 60 வீதம்தான் சேரும். முக்கால் ஏக்கருக்கு மேல் போகாதீர்கள். ஏப்ரல் ஊற்றை மட்டும் நம்பாமல், ஓகஸ்டில் ஊற்றுக் குறைவதை நினைத்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முழு ஏக்கருக்கும் அரைகுறைத் தண்ணீர் கொடுப்பதைவிட அரை ஏக்கருக்கு முழுத்தண்ணீர் கொடுப்பது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்லது. உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கில், பயிர் முழு வளர்ச்சிக்காலத்திலும் 20 வீதம் குறைவாகத் தண்ணீர் குடித்தால் சோளம் 25 வீதம் குறையும். மிளகாயும் வெங்காயமும் 22 வீதம். கச்சான் 14 வீதம்தான். மிஞ்சும் அரை ஏக்கருக்கு 60 – 65 நாளில் முடியும் பயறு போடுங்கள். வைக்கல் இருந்தால் மிளகாய் அடிக்கு நாலு விரல் கனத்தில் பரப்பிவிடுங்கள். தண்டை முட்டாமல் விடுங்கள், கறையான் ஏறும்.

கேள்வி (பூநகரி, வேறொரு வாசகி): யூலைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது. கிணற்றை ஆழமாக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கடலோரத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உவர் 40 அடி வரை எழும்பும் என்பது கணக்கு. ஆழமாக்கினால் உவரைத் தேடிப் போவதாகிவிடும். சின்ன மோட்டரால், காலை அரை மணி, பின்னேரம் அரை மணி என்று பிரித்து இறையுங்கள்.

உவரை நாக்கால் மதிக்க வேண்டாம். விவசாயப் போதனாசிரியரிடம் மின்கடத்துதிறன் மானியால் அளந்து தரச் சொல்லுங்கள். மீற்றருக்கு டெசிசீமனில், விளைச்சல் குறையாமல் பாய்ச்சக்கூடிய உச்சம் வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, நெல்லுக்கு 2.0, கச்சானுக்கு 2.1, கௌபிக்கு 3.3. மானி மைக்ரோசீமனில் காட்டினால் 1,000ஆல் வகுங்கள். அளவு 2ஐத் தாண்டிய கிணற்றில் வெங்காயம் வைத்து உரத்தைக் கூட்டினால், உரமும் உப்புத்தான், இன்னும் வாடும்.

கேள்வி (மாந்தை மேற்கு): வறட்சி வந்தால் பூச்சியும் கூடுகிறதே?

பதில்: பனிப்பூச்சி, சிற்றுண்ணி, வெண்ஈ மூன்றும் காய்ந்த வெயிலில் வேகமாகப் பெருகும், கழுவித் தள்ள மழையும் இல்லை. பயறிலும் உழுந்திலும் மஞ்சள் சித்திரவடிவ நோயைக் காவுவது வெண்ஈதான். முதல் மஞ்சள் செடி தெரிந்ததும் பிடுங்கிப் பையில் போட்டு அகற்றுங்கள். இளநெல்லில் இலைநுனி ஊசிபோல் சுருண்டு காய்ந்தால் ஈரமான கையால் இலைகளைத் தடவுங்கள். உள்ளங்கையில் கறுத்த நுண்பூச்சிகள் ஒட்டினால் பனிப்பூச்சி. தண்ணீர் கிடைத்தால் ஓரிரு நாள் பயிரை மூழ்கடித்து வடித்தாலே பெரும்பாலும் அடங்கும்.

கேள்வி (புளியங்குளம்): கருவி ஒன்றும் இல்லாமல், இன்று தண்ணீர் விட வேண்டுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மேட்டுநிலத்தில் ஒரு சாண் ஆழத்து மண்ணைத் தோண்டி ஒரு பிடி எடுங்கள். இறுகப் பொத்தித் திறந்தால் உருண்டையாக நின்று, பெருவிரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைகிறதா, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம். உருண்டையாகவே நிற்காமல் விரலிடையே பொடியாக உதிர்ந்தால் பிந்திவிட்டது. நம் செம்மண்ணிலும் கபிலமண்ணிலும் இந்த இரண்டு நிலைக்கும் இடையில் வெயில் நாளில் நாலு நாள்கூட இருக்காது.

நெல்லில் இலையைப் பாருங்கள். மத்தியானம் சுருண்டு பின்னேரம் விரிந்தால் பயிர் சமாளிக்கிறது. காலை 9 மணிக்கே சுருளத் தொடங்கினால் வேரடியில் ஈரம் முடிகிறது. விடியற்காலையிலும் விரியாமல் நின்றால், அது குடலைப் பருவம் என்றால், வாய்க்கால் முறைக்குக் காத்திராதீர்கள். பக்கத்துக் கிணற்றில் கேட்டு, மோட்டர் வாடகைக்கு எடுத்தாவது அன்று பின்னேரமே வயலை நனையுங்கள்.